லைன்ல குத்துப்பா, நான் பாத்துக்கறேன்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி நடக்கும் இன்னிசைக் கச்சேரி, ஆம்பூரில் ஞாயிறு காலை ஆராதனை, வேலூரில் ஏதோ ஒரு கல்லூரியின் ஆண்டு விழா. மேடை எதுவானாலும், எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறும் பையனிடம் மைக்செட்காரர் சொல்வது ஒன்றுதான்: "லைன்ல குத்துப்பா, சத்தத்த நான் பாத்துக்கறேன்." பையனும் மிக்சரில் ஒயரைக் குத்துகிறான். சத்தம் வருகிறது. கூட்டத்தில் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் பல்லவி முடிந்து கிட்டார் தனித்து வாசிக்கும் இடம் வந்ததும் குட்டு உடைகிறது. இழுத்துப் பிடித்த ஸ்வரம் பொட்டென்று அறுந்துபோகிறது. டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால் முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பையன் தன் விரல்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறான். அல்லது கிட்டார் மட்டம் என்று முடிவுகட்டி, அடுத்த வருடம் இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்குகிறான். அதையும் கொண்டுபோய் அதே லைனில்தான் குத்துகிறான்.

கிட்டார்தான் வாத்தியம், ஆம்ப் என்பது சத்தம் கூட்டும் பெட்டி. மைக்செட் அதைவிடப் பெரிய பெட்டி. பெரிதே இருக்கும்போது சின்னது எதற்கு? எங்கள் பக்கத்தில் இது மைக்செட்காரர் மட்டும் சொல்வதல்ல. கிட்டார் சொல்லித்தரும் மாஸ்டர்கள் சொல்கிறார்கள், சபைக் கமிட்டி சொல்கிறது, பிள்ளைக்கு வாத்தியம் வாங்கித்தரும் அப்பாவும் சொல்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இருந்தும் அடியிலிருந்து நுனிவரை தப்பு. எலக்ட்ரிக் கிட்டாரில் வாத்தியத்தின் பாதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியை விட்டுவிட்டு வந்தவன் பாதி வாத்தியத்தோடு மேடை ஏறியிருக்கிறான்.

இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தமிழ் காதுக்குக் கிட்டார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்த 'இளைய நிலா'. அது அகூஸ்டிக் கிட்டார். மரப்பெட்டி வைத்த கிட்டார். தந்தி அதிர, மேல்பலகை அதிர, பெட்டிக்குள் இருக்கும் காற்று அதிர, ஓட்டை வழியாக வெளியே வரும்போதே ஒலி முழுசாக முடிந்துவிடுகிறது. வீணையும் வயலினும் மிருதங்கமும் மனிதக் குரலும் அப்படியே. இவற்றுக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து, உள்ளது உள்ளபடி, எதையும் சேர்க்காமல் எதையும் வெட்டாமல் பெரிதாக்கிக் கூட்டத்துக்குக் கொடுப்பது மைக்செட்டின் தர்மம். அதை நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் நன்றாகவே செய்கிறார்கள். அந்த அனுபவத்தை அப்படியே எலக்ட்ரிக் கிட்டாருக்கும் நீட்டியதில்தான் கோளாறு.

எலக்ட்ரிக் கிட்டாரில் பெரும்பாலானவை வெறும் பலகை. ஒயர் குத்தாமல் வாசித்தால் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்காது. தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்று ஒன்று இருக்கிறது: காந்தத்தைச் சுற்றி, முடியளவு மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். பெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஒரு பிக்கப்புக்கு ஏறத்தாழ 8,000 சுற்று. எஃகுத் தந்தி காந்தப் புலத்துக்குள் ஆடும்போது அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகிறது. ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல். கிட்டாரிலிருந்து வெளியே வருவது அவ்வளவுதான். அது இன்னும் இசை ஆகவில்லை.

தோல் பதனிடும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். டேனரிக்குள் உப்புப் போட்ட பச்சைத் தோல் போகிறது. முடி நீங்கி, குரோமில் ஊறி வெட் ப்ளூவாகி, சாயமும் கொழுப்பும் ஏறி கிரஸ்ட்டாகி, பினிஷிங் முடிந்து, ஷூ அப்பர் வெட்டும் மேசைக்கு வருகிறது. டேனரி தோலைப் பெரிதாக்குகிறது என்று ஆம்பூரில் யாராவது சொன்னால் பேரணாம்பட்டு வரைக்கும் சிரிப்பார்கள். பிக்கப்பிலிருந்து ஒயரில் வருவது பச்சைத் தோல். அதை நேராக மைக்செட்டில் குத்துவது, பச்சைத் தோலையே பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற வேலை.

உள்ளே என்னதான் நடக்கிறது? ஒயர் நுழையும் இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். கிட்டார் ஆம்ப்பின் இன்புட் சுமார் பத்து லட்சம் ஓம் தடை உள்ளது. மிக்சரின் லைன் இன்புட் பெரும்பாலும் பத்தாயிரம் ஓம் அளவில் இருக்கும். பிக்கப் பலவீனமான ஜீவன். அதன் கம்பிச் சுருளும் ஒயரும் சேர்ந்து 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ ஒரு மேட்டை உண்டாக்கும். கிட்டாரின் பளிச்சென்ற குணமே அந்த மேட்டில்தான் இருக்கிறது. பத்தாயிரம் ஓமில் கொண்டுபோய் மாட்டினால் பிக்கப்பின் தலையில் சுமை ஏறி அந்த மேடு தரையோடு தரையாகிவிடும். மைக்செட்காரர் திறமையைக் காட்டுவதற்கு முன்பே, குத்திய நிமிஷத்திலேயே பாதிக் குணம் போய்விடுகிறது. "அந்தத் தடையச் சரிக்கட்டற டிஐ பாக்ஸ் வச்சிருக்கேனே" என்பார் விஷயம் தெரிந்தவர். நல்ல டிஐ பாக்ஸ் இந்த ஒரு நோயைத் தீர்க்கும். மீதி இருக்கிறதே.

அடுத்தது ப்ரீஆம்ப். வால்வு ஆம்ப் என்றால் இங்கே 12ஏஎக்ஸ்7 என்கிற சின்ன வால்வு இருக்கும். ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. பழைய வால்வு ரேடியோ வைத்திருந்த வீடுகளில் சுவிட்சைப் போட்டு விளக்கு சிவந்து சூடாகும்வரை காத்திருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே சங்கதிதான். சூடான ஒரு முனை எலக்ட்ரான்களை விடுகிறது. எதிரே நூற்றுக்கணக்கான வோல்ட்டில் நிற்கும் தகடு அவற்றை இழுக்கிறது. நடுவில் ஒரு கம்பி வலை. கிட்டாரின் சின்ன மின்சாரம் அந்த வலையில் வந்து ஆடினால், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டம் அதற்கேற்ப ஆடும். பிறகு பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள். மைக்செட்டில் குமிழ்களை நடுவில் வைத்தால் எதையும் கூட்டவில்லை குறைக்கவில்லை என்று அர்த்தம். பெண்டர் வகை கிட்டார் ஆம்ப்பில் மூன்றையும் நடுவில் வைத்தாலும் நடு அலைவரிசைகள் பள்ளமாகவே இருக்கும். அதில் சமமான நிலை என்று ஒன்று கிடையாது. வடிவமைத்தவர்களே வேண்டுமென்று அப்படிச் செய்தார்கள்.

அதற்கப்புறம் பவர் ஆம்ப். 6எல்6, ஈஎல்34, ஈஎல்84 மாதிரி பெரிய வால்வுகள் ஜோடி ஜோடியாக, ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்யும். அவற்றின் உயர் வோல்ட்டேஜை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி இறக்கித்தர ஒரு கனமான அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர். (ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்பை வாசித்தால் முதலில் பலியாவது இந்த ட்ரான்ஸ்பார்மர்தான். ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்களில் ஆளை அடிக்கும் அளவுக்கு வோல்ட்டேஜ் தங்கியிருக்கும். ஆர்வக்கோளாறில் மூடியைத் திறக்க வேண்டாம்.) இந்த வால்வுகளை எல்லைவரை தள்ளும்போது, அலையின் உச்சிகள் மெல்ல மழுங்குகின்றன. தந்தியை மீட்டியவுடன் வரும் முதல் அடிதான் எப்போதும் பெரிது. அதை ஆம்ப் அமுக்கிவிடுகிறது. தந்தியின் ஆட்டம் அடங்க அடங்க, அமுக்கம் தளர்ந்து ஒலி அதே அளவில் நிற்கிறது. நம் சங்கீதத்தில் கார்வை என்கிறோமே, அது எலக்ட்ரிக் கிட்டாருக்குக் கிடைப்பது இப்படி.

கார்வை எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாதாரண மாண்டலினில் ஸ்வரம் மீட்டிய கணத்தில் செத்துவிடும். அதனால்தான் வெளிநாட்டில் அதைக் கடகடவென்று அடித்துக்கொண்டே இருப்பார்கள். யு. ஸ்ரீனிவாஸ் மின் மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்து தந்தியோடு கமகம் வாசித்துக் காட்டினார். அந்த வாத்தியத்திலிருந்து மின்சாரத்தைக் கழித்துவிட்டால் அவர் பிடித்த கமகங்களில் பாதிக்குமேல் நிற்காது. அவர் வாசித்தது டிஸ்டார்ஷன் இல்லாத சுத்தமான தொனி. ஆக, நான் பேசுவது ராக் பையன்களின் இரைச்சலைப் பற்றி மட்டும் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

கார்வை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஆம்ப் வாசிப்பவனுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதன் ஒலி காற்றில் வந்து தந்தியை மறுபடி ஆட்டுகிறது. ஸ்வரம் தானாகவே நீள்கிறது. ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ஆம்ப்பை நோக்கித் திரும்பி நின்றது ஸ்டைலுக்காக அல்ல. மைக்செட் பெட்டிகளோ மேடையின் இரண்டு ஓரத்திலும் கூட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. தந்திக்கும் அவற்றுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

இத்தனையும் ஒரு பக்கம். லைனில் குத்துவதன் பெரிய கேடு கடைசியில், ஸ்பீக்கரில் இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் ஒரு விதத்தில் மட்டமான ஸ்பீக்கர். செலஷன் கம்பெனியின் புகழ்பெற்ற 12 அங்குல கிரீன்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒழுங்காகப் பாடுவது 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். கீழ் எல்லையில் பிரச்சினை இல்லை, கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கிறது. மேலே 5,000-க்குப் பிறகு அது மலைச்சரிவு. ட்வீட்டர் கிடையாது, ஹார்ன் கிடையாது. வீட்டு ம்யூசிக் சிஸ்டத்தில் இப்படி ஒரு ஸ்பீக்கரை மாட்டினால் சலங்கைச் சத்தமே கேட்காது, திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஆனால் கிட்டாருக்கு இந்தக் குறைதான் உயிர். டிஸ்டார்ஷன் என்பது ஒரு ஸ்வரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு அலைவரிசைகளையும் சேர்த்துக் கிளப்பிவிடுவது. கீழே இருக்கும் மடங்குகள் தொனிக்குச் சதை கொடுக்கும். மேலே இருப்பவை வெறும் கரகரப்பு. அந்தக் கரகரப்பைத் தடித்த காகிதக் கோனும் மரப்பெட்டியும் விழுங்கிவிடுகின்றன. மைக்செட்டின் ஹார்னோ 15,000 ஹெர்ட்ஸையும் தாண்டி விசுவாசமாகப் பாடும். விழுங்கவேண்டிய கரகரப்பு அத்தனையையும் அது முன்வரிசைக் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மைக்செட் இங்கே தோற்பது மட்டமானது என்பதால் அல்ல, அளவுக்கு மீறி நல்லது என்பதால். மைக்செட்காரர் இதற்குச் செய்யும் வைத்தியம் ட்ரெபிளைக் குறைப்பது. அப்போது கரகரப்போடு கிட்டாரின் பளிச்சும் போய், பாட்டுக்கு அடியில் ஏதோ உறுமிக்கொண்டிருக்கும்.

ஆம்ப் வெறும் பெட்டி என்பவர்களிடம் நான் எப்போதும் எடுத்துப்போடுவது 1962-ன் சாட்சியத்தை. லியோ பெண்டர் கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பேஸ் கிட்டாருக்கென்று அவர் செய்த பாஸ்மேன் ஆம்ப்பை கிட்டார்காரர்கள் கைப்பற்றிக்கொண்டார்கள். மேற்கு லண்டன் ஹான்வெல்லில் ட்ரம் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க ஆம்ப் இறக்குமதியில் விலை எகிறியதால், தன் கடை ரிப்பேர்காரர் கென் பிரானோடு சேர்ந்து பாஸ்மேனின் சர்க்யூட்டையே கிட்டத்தட்ட அப்படியே காப்பி அடித்தார். ஜேடிஎம்45 பிறந்தது. மாறியது என்ன? முதல் வால்வு: பெண்டரில் 12ஏஒய்7, மார்ஷலில் அதைவிட இரண்டு மடங்குக்குமேல் பெருக்கும் ஈசிசி83. ஸ்பீக்கர்: பெண்டரில் பின்பக்கம் திறந்த பெட்டியில் ஜென்சன் 10 அங்குலம் நான்கு, மார்ஷலில் பின்பக்கம் மூடிய பெட்டியில் செலஷன் 12 அங்குலம் நான்கு. ட்ரான்ஸ்பார்மர்கள் உள்ளூர்ச் சரக்கு. முக்கியமான வித்தியாசங்கள் இவ்வளவுதான். கிட்டாரில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் பிறந்தது வேறொரு ஒலி. ஒரு தலைமுறையின் பிரிட்டிஷ் ராக் முழுக்க அந்தப் பெட்டியின்மேல் எழுந்தது. 1966-ல் ஜான் மேயாலின் குழுவோடு ஒலிப்பதிவு செய்ய வந்த கிட்டார்காரர் எரிக் கிளாப்டன், மார்ஷலை மேடையில் வைக்கும் அளவு சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான். சத்தம் வேண்டுமென்றால் பதிவு மேசையில் குமிழைத் திருப்பினால் போதுமே. அவருக்கு வேண்டியது எல்லையில் மூச்சுவாங்கும் வால்வின் தொனி. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964-ல் இதையும் மிஞ்சினார்: ஒரு சின்ன எல்பிகோ ஆம்ப்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறி, அந்தக் கிழிந்த ஒலியை வாக்ஸ் ஏசி30 ஆம்ப்புக்குள் செலுத்தினார். சத்தம் கூட்டும் பெட்டியை யாராவது வேலைமெனக்கெட்டுக் கிழிப்பார்களா?

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். அவர்களிடமும் சரக்கு இருக்கிறது.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960-களில் கிட்டாரும் பேஸும் ஆம்ப் இல்லாமல் நேராக மேசைக்குத்தான் போயின, அந்தப் பாட்டுகளை உலகம் கொண்டாடவில்லையா என்பது முதல் வாதம். உண்மை. அங்கே கிட்டாரின் வேலை பெரும்பாலும் சுத்தமான தொனியில் வெட்டு வெட்டாகத் தாளம் பிடிப்பது. அதற்கென்றே செய்த பெட்டி வழியாக அது மேசைக்குப் போயிற்று. அதே காலத்தில், 1968-ல், பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பாட்டுக்குக் கிட்டாரை நேராக மேசையில் குத்தினார்கள். குத்திவிட்டு, மேசையின் ப்ரீஆம்ப்பை எல்லை தாண்டி ஓட்டிக் கதறவிட்டார்கள். ஆம்ப்பை வெளியே தள்ளிவிட்டு மேசையையே ஆம்ப்பாக்கிவிட்டார்கள். இந்தச் சாட்சி யார் பக்கம் பேசுகிறது?

இரண்டாவது வாதம் இந்தக் காலத்துக்கானது: இப்போதெல்லாம் காலடியில் ஒரு ப்ராசஸர், நேராக லைன், உலகப் பெரிய குழுக்களே ஆம்ப்பைத் தூக்கிப்போட்டுவிட்டன. இதுவும் உண்மை. ஆனால் அந்த ப்ராசஸருக்குள் என்ன ஓடுகிறது? ஆம்ப்பைக் கம்ப்யூட்டரில் நடிக்கவைக்கும் மாடலிங் என்கிற வித்தை. லைன் 6 கம்பெனி 1996-ல் அதைக் கையில் எடுத்தது. 1998-ல் வந்த அவர்களது பாட் எல்லோர் கைக்கும் அதைக் கொண்டுவந்தது. 2011-ல் ஜெர்மனியின் கெம்பர், ஒரு நிஜ ஆம்ப்பின் குணத்தைச் சோதித்துப் பிரதி எடுக்கும் அளவுக்குப் போனது. அந்தக் கம்ப்யூட்டர் மூளை முழுக்கச் செலவாவது இன்புட் தடையையும், மழுங்கும் வால்வையும், 5,000 ஹெர்ட்ஸில் சரியும் காகித ஸ்பீக்கரையும், அதன் முன் வைத்த மைக்கையும் நடித்துக் காட்டுவதற்கு. ஆம்ப் தேவையில்லை என்பதற்கு ஆதாரமாக, பத்து ஆம்ப்பை உள்ளே வைத்திருக்கும் பெட்டியைக் காட்டுகிறார்கள். அந்தப் பெட்டியை வைத்திருக்கும் பையன் தாராளமாக லைனில் குத்தட்டும், எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. ஒன்றை மட்டும் பார்க்கட்டும்: அதில் கேப் என்று ஒரு அமைப்பு இருக்கும், ஸ்பீக்கர் பெட்டியின் நகல். லைனில் குத்தும்போது அது ஆனில் இருக்கவேண்டும். நிஜ கிட்டார் ஆம்ப்பில் குத்தும்போது ஆஃபில் இருக்கவேண்டும். எங்கள் பக்கத்து மேடைகளில் கேட்கும் கரகரப்பில் பெரும்பங்கு இந்த ஒரு சுவிட்ச் தலைகீழாக இருப்பதால்தான் என்பது என் சந்தேகம்.

என்னோடு கைகோத்துக்கொள்ள ஓடிவரும் இன்னொரு கூட்டம் உண்டு: ஆம்ப் என்றால் வால்வு ஆம்ப்தான், மற்றதெல்லாம் போலி என்பவர்கள். அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. பாகத்தின் பெயரைப் பார்த்து வாத்தியத்தை மதிப்பிடுகிறார்கள். ரோலண்ட் 1975-ல் கொண்டுவந்த ஜேசி-120 முழுக்க ட்ரான்சிஸ்டர். 60 வாட் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, சுத்தமான தொனியில் இன்றைக்கும் அதை அசைக்க ஆளில்லை. ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங் வருடக்கணக்கில் வாசித்த லேப் சீரீஸ் எல்5-ம் ட்ரான்சிஸ்டர்தான். எளிய ட்ரான்சிஸ்டர் சர்க்யூட் எல்லை தொட்டதும் அலையின் தலையைச் சீவிவிடும், வால்வு தடவி மழுக்கும் என்பது சரியே. ஆனால் வால்வின் குணம் என்று நாம் கேட்பதில் ஒரு பங்கு அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் வருவது. கவனமாகச் செய்த ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பில் அதையும் ஓரளவு கொண்டுவந்துவிடுகிறார்கள். போதாததற்கு இது வேலூர். மே மாத வெயிலில், ஏறி இறங்கும் கரண்டில், வருடத்துக்கு நாலு மேடை ஏறும் பையனுக்கு வால்வு ஆம்ப் எதற்கு? பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் வால்வு செய்ய ஆரம்பித்து நாடு முழுக்க ரேடியோக்களுக்குக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இன்று கிட்டார் ஆம்ப்புக்கான வால்வுகள் ரஷ்யாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரவேண்டும். ஒரு ஜோடி பவர் வால்வு தேய்ந்தால், பொருத்தமான ஜோடியாகப் பார்த்து மாற்றி, பயஸ் (வால்வில் ஓடும் கரண்ட்டின் அளவு) வைத்துத் தர எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள்? அமெரிக்காவிலிருந்து மாமா ஆசையாகக் கொண்டுவரும் ஆம்ப் இன்னும் ஆபத்து. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230-ல் செருகினால் அன்றோடு கதை முடிந்தது.   

வாட் கணக்கு சொல்பவர்களுக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. வீட்டு ஸ்பீக்கர் செட்டுகளின்மேல் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட் என்று அச்சடித்து விற்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கிட்டார் ஆம்ப்பில் 30 என்று எழுதியிருந்தால் சிரிக்கத்தான் செய்வோம். அது ஆர்எம்எஸ் வாட், தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல், கவனித்தால்தான் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வாட் பத்து மடங்காக வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் கொடுக்குமென்றால், கிட்டார் ஸ்பீக்கர்கள் 97, 100 என்று கொடுக்கும். வாக்ஸ் ஏசி30-ன் பெயரிலேயே இருக்கிறது அதன் வாட். அதை வைத்து அரங்கங்களை நிரப்பியிருக்கிறார்கள். நம் சபை ஹாலுக்கு 20 வாட் தாராளம்.

விலை? 30 ஆயிரம் கையில் இருந்தால் 30 ஆயிரத்துக்கும் கிட்டார் வாங்கி லைனில் குத்துகிறவனைவிட, பாதிக்குக் கிட்டாரும் மீதிக்கு ட்ரான்சிஸ்டர் ஆம்ப்போ மாடலிங் ஆம்ப்போ வாங்குகிறவனின் கையில் நல்ல வாத்தியம் இருக்கும். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. ஆனால் கீபோர்டு ஆம்ப்பை வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் கணக்குப் போடவேண்டாம். கீபோர்டு ஆம்ப் குட்டி மைக்செட். ட்வீட்டர் உண்டு, மேலே சொன்ன கரகரப்பு அப்படியே வரும்.

மைக்செட்காரரிடம் மிச்சமிருக்கும் ஒரு வாதம் மட்டும் கனமானது. மேடையில் ஆம்ப் வைத்தால் பையன் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவான். அது பாடகர் மைக்கில் நுழையும். பிறகு தன் கையில் ஒன்றும் இருக்காது என்கிறார். நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பையன் ஏன் ஏற்றுகிறான் என்று பாருங்கள். ஆம்ப் தரையில் இருக்கிறது, ஸ்பீக்கர் அவன் முழங்காலைப் பார்க்கிறது. மேல் அலைவரிசைகள் டார்ச் அடித்ததுபோல் நேர்க்கோட்டில் போகிறவை. அவை முன்வரிசை நெற்றியில் அடிக்கின்றன, வாசிப்பவன் காதுக்கு வருவதோ வெறும் மந்தம். கேட்கவில்லை என்று இன்னும் திருப்புகிறான். ஆம்ப்பை ஒரு நாற்காலிமேல் ஏற்றுங்கள், அல்லது முன்பக்கம் செங்கல் வைத்து அவன் முகத்தைப் பார்க்கச் சாயுங்கள். அவனே பாதியாகக் குறைத்துவிடுவான். பிறகு ஸ்பீக்கர் துணிக்கு முன்னால் இரண்டு விரற்கடை தூரத்தில் ஒரு மைக். 1965-ல் வந்த ஷூர் எஸ்எம்57 இதற்கென்றே ஆகிவிட்டது. அது இல்லையென்றால் பாடகர்கள் பிடிக்கும் சாதாரண டைனமிக் மைக் போதும். கோனின் நடு மையத்துக்கு நேரே வைத்தால் கூர்மை கூடும், ஓரத்துக்குத் தள்ளினால் மந்தமாகும்; இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் ஒரு விரலாக நகர்த்தி இடம் பிடிக்கவேண்டும். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும், சவுண்ட் செக்கில் அந்த ஐந்து நிமிஷத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த மைக்கின் ஒயர் மிக்சருக்குப் போகட்டும். இப்போது அதில் வருவது முடிந்த ஒலி. வீணையையும் குரலையும் போல உள்ளது உள்ளபடி பெரிதாக்க வேண்டியது. மைக்செட்காரர் அந்த சேனலின் குமிழ்களை நடுவில் விட்டுவிட்டு, பாடகர் பக்கம் திரும்பிக்கொள்ளலாம்.